ஐந்து தட்டில் ஒன்று சிவப்பு

ஆயுத பூஜை அன்று பிற்பகல், பெரியநாயகி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது, பாவாடை தன் ஆட்டோவைப் பார்த்தபடி பொரி தின்றுகொண்டிருந்தார். ஆட்டோ காலையிலேயே குளித்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, வாழைக்கன்றும் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலைவரை தொடுவதில்லை என்பது பாவாடையின் பிடிவாதம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு சவாரிக்குக் கிளம்பிவிடும் ஆட்டோக்காரர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களோடு பாவாடை அன்று முழுக்கப் பேசமாட்டார்.

"அண்ணே, அம்சவல்லி அம்மா வூட்டுல இருக்காங்களா?" என்றார் பெரியநாயகி.

கூட நின்ற மகளின் வீங்கிய கண்களைப் பார்த்ததுமே பாவாடை பொரியைக் கீழே வைத்துவிட்டார். கூப்பிடாமலே முன்னால் நடந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அம்சவல்லி ரயில்வேயில் கிளெய்ம்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விருத்தாசலத்தில் ரயிலேறிய பீங்கான் ஜாடிகளும் கோப்பைகளும் போன இடத்தில் உடைந்து கிடந்தால், உடைத்தது கட்டியவரா, ஏற்றியவரா, நடுவழியில் மாற்றியவரா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் விடவில்லை. காணாமல் போன கொலுசு, களவு போன மோட்டார் என்று ஏதாவது ஒன்று வீடு தேடி வந்துவிடும். அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். அந்தக் குறை தெரியாமல் இருவருக்கும் சேர்த்து பாவாடை அலட்டிக்கொள்வார்.

பெரியநாயகி பொம்மை செய்யும் பீங்கான் யூனிட் ஒன்றில் வேலை பார்ப்பவர். மகள் சிவசங்கரி, சேலம் ரோட்டில் இருக்கும் தனியார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு.

"மெயின் கெமிஸ்ட்ரிங்க. மைனரா மைக்ரோபயாலஜி எடுத்திருக்கேன்" என்றாள் சிவசங்கரி.

பாவாடைக்குத் தெரிந்த ஒரே மைனர் கழுத்தில் போடும் செயின்தான். அவர் முகத்தைப் பார்த்து அவளே விளக்கினாள். "துணைப் பாடங்க. கெமிஸ்ட்ரியோட சேத்து இதையும் படிக்கறது. கிருமிங்களப் பத்தின படிப்பு."

"சரி, என்ன ஆச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் அம்சவல்லி.

"செய்முறைப் பரீட்சைங்க. பேரு போடாத டியூப்ல ஆளுக்கு ஒரு கிருமி குடுப்பாங்க. அது என்னன்னு நாங்க கண்டுபிடிக்கணும். டியூப்லேர்ந்து எடுத்து பெட்ரி தட்டுல தீத்தி, இன்குபேட்டர்ல வெக்கணும். அது சூட்டுப் பெட்டிங்க. நம்ம ஒடம்பு சூடு, முப்பத்தேழு டிகிரி, அதுக்குள்ள எப்பவும் இருக்கும். மறுநாள் தட்டுல கிருமி புள்ளி புள்ளியா வளந்திருக்கும். நேத்து மத்தியானம் அஞ்சு பேரும் வெச்சோம். சாயங்காலம் லேப்ல ஆயுத பூஜை. இன்னிக்கு லீவுதான், ஆனா கிருமிக்கு லீவு ஏது, தட்டப் பாக்க வாங்கன்னு சார் சொல்லியிருந்தாரு. போனோம். என் தட்டு மட்டும் ரத்தமா செவந்திருந்திச்சு."

"செவந்தா தப்பா?" என்றார் பாவாடை.

"அது செராஷியான்னு ஒரு கிருமிங்க. பெட்டிச் சூட்டுல வெச்சா வெள்ளையாத்தான் வளரும். வெளிய, சும்மா ரூம்ல வெச்சாத்தான் செவக்கும். வெள்ளையா இருந்தா அது எந்தக் கிருமின்னு சொல்ல நாலஞ்சு டெஸ்ட் பண்ணியாவணும். செவந்துட்டா பாத்த ஒடனே சொல்லிடலாம். அதனால நான் ராத்திரி தட்ட வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி, செவக்க வெச்சி, காலையில கும்பலோட கும்பலா உள்ள வெச்சிட்டேன்னு சார் சொல்றாரு." சொல்லும்போதே குரல் உடைந்தது. "எல்லார் முன்னாடியும் திருட்டுத்தனம்னு சொன்னாரு."

"சாயங்காலம் இவ பையில எதையோ துணியில சுத்தி எடுத்துட்டுப் போனத வாட்ச்மேன் பாத்தாராம்" என்றார் பெரியநாயகி. "அது பூஜை சுண்டல் டப்பாங்க. சாட்சிக்குக் காட்டலாம்னா, வந்த ஒடனே தின்னுட்டோம்."

"சார் சொன்னது உண்மைன்னு வெச்சா என்ன தண்டனை?" என்றார் அம்சவல்லி.

"கிருமிய லேப்ப வுட்டு வெளிய கொண்டு போனா மைனரே கேன்சலுங்க. நாளைக்கழிச்சி காலேஜ் தெறந்ததும் பிரின்சிபாலுக்குச் சொல்லப் போறாரு. மைனர் போச்சின்னா எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜிக்கு நான் அப்ளிகேஷனே போட முடியாது. அதுக்காகத்தான் மூணு வருஷமா ரெண்டு படிப்பையும் இழுத்துட்டு வரேன்."

அம்சவல்லி எழுந்து செருப்பை மாட்டினார். "சார் இன்னும் லேப்ல இருப்பாரா?"

"இருப்பாருங்க."

பாவாடை வாசலுக்கு ஓடினார். ஓடிய வேகத்திலேயே நின்றார். மாலை போட்ட ஆட்டோவைப் பார்த்தார், அம்சவல்லியைப் பார்த்தார்.

"பரவாயில்ல பாவாடை. மினி பஸ்ல போவோம்" என்றார் அவர்.

டிக்கெட் வாங்கி பஸ்ஸில் போவது ஓர் ஆட்டோக்காரருக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது மற்ற மூவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. வழி முழுக்க டிரைவர் கியர் மாற்றுவதில் அவர் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். நடுவில், குங்குமம்தான் காரணம் என்ற முடிவுக்கும் வந்துவிட்டார். பூஜை நாளில் எவனோ தட்டைத் திறந்து குங்குமத்தைத் தூவியிருக்கிறான். இதை அம்சவல்லியின் காதில் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

லேபில் பேராசிரியர் குருமூர்த்தி தனியாக இல்லை. ஒல்லியான பையன் ஒருவன் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிவசங்கரியைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு வந்து, அம்சவல்லிக்கும் பெரியநாயகிக்கும் நாற்காலி எடுத்துப் போட்டான். இனியவன் என்று பெயர். அவனும் கெமிஸ்ட்ரி, அவனுக்கும் இதே மைனர்.

"சிவசங்கரி அப்டி செய்யற பொண்ணு இல்லீங்க. சார்கிட்ட நானும் சொல்லிட்டேன்" என்றான். பாவாடைக்குப் பையனை உடனே பிடித்துப்போயிற்று.

குருமூர்த்திக்கு ரயில்வே அம்மா விசாரிக்க வந்தது பிடிக்கவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை.

"இவள இப்டிச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையாங்க? மொத நாள் கிளாஸ்ல, களிமண்ணு ஊற வெச்ச தொட்டி ஏன் சார் நாறுதுன்னு கேட்ட பொண்ணு. எங்க டிபார்ட்மென்ட் பசங்ககூட அப்டி ஒரு கேள்வி கேட்டதில்ல. அதனாலதான் கோபம் ஜாஸ்தியா வருது" என்றார். "காலையில நான் வந்தப்ப இன்குபேட்டர் முள்ளு சரியா முப்பத்தேழுல நின்னுச்சு. அந்தச் சூட்டுல செராஷியா செவக்கவே செவக்காது. நானே எத்தனையோ தடவை வளத்திருக்கேன்."

"தட்டுங்களப் பாக்கலாமா?"

குருமூர்த்தி ஃப்ரிட்ஜைத் திறந்து ஐந்து கண்ணாடித் தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். பாவாடை எட்டிப் பார்த்தார். ஒன்றில் மட்டும் சிவப்பு, கீறல் விழுந்த இடத்தில் ரத்தம் துளிர்த்த மாதிரி. தூவிய குங்குமம் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. வருத்தமாக இருந்தது. மற்ற நான்கிலும் வெளுப்பாக, பொடிப்பொடியாக, ரவையைத் தெளித்த மாதிரிப் புள்ளிகள்.

"எப்பவும் இந்த அளவுதான் வளருமா?" என்றார் அம்சவல்லி.

"இல்லீங்க, ஜவ்வரிசி அளவுக்காவது வரும். கிருமிக்குத் தீனியாப் போடற மீடியா இந்தத் தடவை கொஞ்சம் பழசு. அதான்."

அம்சவல்லி தலையசைத்துவிட்டு இன்குபேட்டர் பக்கம் நகர்ந்தார். பீரோவில் பாதி உயரம் இருக்கும் இரும்புப் பெட்டி. நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக அதுவும் பூஜை கண்டிருந்தது. ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு, மைக்ரோஸ்கோப்புக்கும் பொட்டு. சுவரில் ஒரே பலகையில் இருந்த இரண்டு சுவிட்சுகளின் மேலேயும் ஆளுக்கொரு பொட்டு. அம்சவல்லி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தார். பாவாடையும் பார்த்தார். ஃப்ரிட்ஜ் சுவிட்சில் இருந்த சந்தனம் கெட்டியாக, வட்டம் குலையாமல் காய்ந்திருந்தது. இன்குபேட்டர் சுவிட்சில் இருந்தது கொஞ்சம் அசிங்கம். மேல் பக்கமாக யாரோ விரலால் இழுத்த மாதிரி குங்குமம் ஈஷியிருந்தது. கீழ்ப் பக்கம் சந்தனம் வெடித்து ஒரு சில்லு காணாமல் போயிருந்தது. பொட்டு வைத்தவர் சுத்தமாக வைக்கவில்லை என்று பாவாடை நினைத்தார்.

"இந்தப் பொட்டெல்லாம் யாரு வெச்சது?"

"நான்தாங்க" என்றார் குருமூர்த்தி. "என் கையாலதான் எல்லாத்துக்கும் வெச்சேன். எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே வெச்சது. கற்பூரம் காட்டி முடிச்சதும் மெயின் பில்டிங் பூஜைக்கு நேரமாச்சுன்னு மூணு பசங்களக் கூட்டிட்டுப் போயிட்டேன். இந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எங்க கூடவே எறங்கிடுச்சு. இனியவன்தான் கூட்டிப் பெருக்கிட்டுப் பூட்டிட்டு வந்தான்."

இனியவன் இதற்குள் எல்லோருக்கும் டீ வாங்கி வந்துவிட்டான். பாவாடையோடு வெளியே நின்று குடித்தான். வண்டி எடுக்காமல் பஸ்ஸில் வந்த கதையைப் பாவாடை சொன்னபோது, "நீங்க செஞ்சதுதான் மொறைங்கண்ணா. எங்கப்பா லேத்து பட்டறை வெச்சிருக்காரு. பூஜை முடிஞ்சா மெயினையே எறக்கிடுவாரு. மறுநாள் காலையில வரைக்கும் ஒரு மெஷினும் சுத்தாது" என்றான். அந்த அப்பாவை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று பாவாடை மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

கேட்டருகே வாட்ச்மேன் சாமிதுரை. அம்சவல்லி அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"ராத்திரி கரண்ட் போச்சுங்களா?"

"இல்லம்மா. வுடிய வுடிய என் ஃபேன் ஓடிச்சு."

"காலையில லேப் சாவியை மொதல்ல வாங்குனது யாரு?"

"அந்த இனியவன் தம்பி. பொழுது வுடிஞ்சி கொஞ்ச நேரத்துல வந்துட்டாரு. சாரு, மத்த புள்ளைங்கல்லாம் ரொம்ப நேரம் கழிச்சித்தான் வந்தாங்க."

திரும்பும் பஸ்ஸில் பாவாடை சாமிதுரையைக் குற்றவாளி ஆக்கினார். ஆற்றுப் பாலத்தின் நடுவுக்கு வருவதற்குள் அவரை விட்டுவிட்டு குருமூர்த்தியைப் பிடித்தார். "நல்லாப் படிக்கற புள்ளைங்கன்னா சில வாத்தியாருங்களுக்கு ஆவாது மேடம்" என்றார். அம்சவல்லி ஜன்னல் வழியே வறண்ட மணிமுத்தாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது பெரியநாயகியிடம், "நாளைக்குக் காலையில சார் எல்லாப் பசங்களையும் வரச் சொல்லியிருக்காரு. நான் கேட்டுக்கிட்டேன். பொண்ணை அனுப்பி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பாவாடை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வண்டிக்குச் சூடம் காட்டி, வாழைக்கன்றை அவிழ்த்தார். அம்சவல்லியும் சிவசங்கரியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஹேண்டில்பாரில் இருந்த ஸ்டார்ட் பட்டனை பாவாடை பெருவிரலால் அழுத்தினார். அதன்மேல் காய்ந்திருந்த சந்தனம் படக்கென்று வெடித்து, ஒரு சில்லு அவர் முழங்கால்மேல் விழுந்தது.

"அதைத் தட்டிடாதீங்க பாவாடை" என்றார் அம்சவல்லி. முன்னால் குனிந்து அந்தச் சில்லை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அப்ப நான் நெனச்சது சரிதான்."

என்ன நினைத்தார் என்று கேட்கப் பாவாடைக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாரா என்ன. வண்டியை எடுத்தார்.

லேபில் ஐந்து மாணவர்களும் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். சாமிதுரை கதவோரம் நின்றார். குருமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். அம்சவல்லி மேஜைமேல் ஐந்து தட்டுகளையும் வைக்கச் சொன்னார்.

"எனக்கு மைக்ரோபயாலஜி தெரியாது சார். பார்சல் தெரியும். ஒரு பெட்டியில அஞ்சு ஜாடி போவுது, ஒண்ணு ஒடைஞ்சி வருது. எல்லாரும் ஒடைஞ்சதையே பாப்பாங்க. நான் ஒடையாத நாலையும் திருப்பிப் பாப்பேன். அதுல கீறல் இருந்தா, அடி அந்த ஒரு ஜாடிக்கு விழல, பெட்டிக்கே விழுந்திருக்குதுன்னு அர்த்தம்."

"இங்க மத்த நாலும் நல்லாத்தானே இருக்கு" என்றார் குருமூர்த்தி.

"நல்லா இருக்குதா? ஜவ்வரிசி அளவுக்கு வரணும், ரவை அளவுக்குத்தான் வந்திருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மீடியா பழசுன்னா சிவசங்கரி தட்டுலயும் அதே மீடியாதான். சூடு கம்மியானா கிருமி மெதுவா வளருமா?"

குருமூர்த்தி மேஜைக்கு வந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளரும்" என்றார் மெதுவாக. "இப்டித்தான் வளரும்."

"அப்ப, ஒரு தட்டு மட்டும் பெட்டிய வுட்டு வெளிய போவல. அஞ்சு தட்டும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. சூடுதான் பெட்டிய வுட்டுப் போயிடுச்சு. மத்த நாலு கிருமியும் சூடு கொறைஞ்சா சின்னதாகும், நெறம் மாறாது. இந்தப் பொண்ணுக்குக் கெடைச்சது மட்டும் நெறம் மாறற சாதி. அதனால காட்டிக் குடுத்துடுச்சு. வேற யார் டியூப்ல செராஷியா இருந்திருந்தாலும் அவங்க தட்டு செவந்திருக்கும், அவங்கதான் திருட்டுப் பட்டம் வாங்கியிருப்பாங்க."

"ஆனா காலையில முள்ளு முப்பத்தேழுல இருந்துச்சே" என்றார் குருமூர்த்தி.

"நீங்க வர்றப்ப இருந்துச்சு. ராத்திரி இருந்துச்சான்னு நீங்க பாக்கல. கரண்டும் போவலன்னு சாமிதுரை சொல்லிட்டாரு. அப்ப யாரோ சுவிட்ச அணைச்சிருக்காங்க, வுடிஞ்சதும் போட்டிருக்காங்க. வாங்க, பாருங்க."

எல்லோரும் சுவிட்சுப் பலகையைச் சூழ்ந்தார்கள். பாவாடை முந்திக்கொண்டு முன்னால் நின்றார்.

"சார் பொட்டு வெச்சப்ப ரெண்டு சுவிட்சும் போட்டிருந்துச்சு. ஃப்ரிட்ஜோடது அப்பிடியே காஞ்சிருக்குது, யாரும் தொடல. இன்குபேட்டரோடத பாருங்க. மேல் பக்கம், அதாவது அணைக்கிற பக்கம், ஈரத்துல ஒரு வெரலு பட்டு ஈஷியிருக்குது. சந்தனம் ஈரமா இருந்தது பூஜை முடிஞ்ச கொஞ்ச நேரந்தான். கீழ்ப் பக்கம், போடற பக்கம், வெடிச்சி சில்லு போயிருக்குது. ஈரச் சந்தனம் வெடிக்காது. நல்லாக் காஞ்சப்புறம் அழுத்துனாத்தான் வெடிக்கும். இப்பத்தான் பாவாடை வண்டியில பாத்தேன்." அந்தச் சில்லைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டினார். "அரக்கு சீல் வெச்ச மூட்டைய வழியில பிரிச்சிட்டுத் திருப்பி ஒட்டுனா இப்பிடித்தான் இருக்கும். சாயங்காலம் அணைச்சாங்க. காலையில போட்டாங்க."

பாவாடைக்கு ஒரு சந்தேகம். "ஏன் மேடம், அணைக்கறவன் பக்கத்துல இருந்த ஃப்ரிட்ஜ ஏன் வுட்டுட்டான்?"

"நல்ல கேள்வி பாவாடை. கெடுக்கணும்னு வந்தவனா இருந்தா ரெண்டையும் அணைச்சிருப்பான். இவரு கெடுக்க வரல. பூஜை போட்ட மெஷினுக்கு ஓய்வு குடுக்கணும்னு செஞ்சிருக்காரு. வூட்டுல எந்தப் பூஜைக்கும் யாரும் ஃப்ரிட்ஜ அணைக்க மாட்டாங்க. பால் கெட்டுடும்னு தெரியும். ஆனா இந்தப் பெட்டிக்குள்ளயும் உசுரு வளருதுன்னு கைக்குத் தோணல. கை பழக்கத்துல போயிடுச்சு. சிவசங்கரி அணைச்சிருக்க மாட்டா. அவங்க அம்மா வேலை பாக்கற எடத்துல பூஜைக்குச் சூளைய அணைக்கறதில்ல. பொட்டு வெச்சிட்டு எரிய வுட்டுடுவாங்க. பாதியில அணைச்சா உள்ள இருக்கற பொம்மையெல்லாம் போயிடும்."

டீ கிளாசோடு வெளியே நின்று கேட்ட பேச்சு பாவாடையின் காதில் மறுபடி ஓடியது. அந்தப் பையனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் அவனாக இருக்காது என்பது போல.

"எல்லாரும் எறங்குனப்பறம் லேப்ல இருந்தது ஒருத்தர்தான்" என்றார் அம்சவல்லி. "காலையில சாவிய மொதல்ல வாங்குனதும் அவருதான். தம்பி, நீயே சொல்றியா?"

இனியவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"வேணும்னு செய்யலீங்க. பெருக்கிட்டு, வௌக்க மலையேத்திட்டு, தன்னால கை போயி அணைச்சிடுச்சு. எங்க பட்டறையில சின்னதுலேர்ந்து நான்தான் கடைசி மெஷின நிறுத்துவேன். வூட்டுக்குப் போயிப் படுத்தப்பறம்தான் ஞாபகம் வந்திச்சு. கேட்டப் பூட்டியிருப்பாங்க. வுடிஞ்ச ஒடனே ஓடிவந்து போட்டேன். சூடு ஏறிடுச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"சரி. தட்டு செவந்திருந்ததப் பாத்தப்ப?"

"அது எதனாலன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சிங்க." அவன் குரல் இறங்கியது. "சொல்ல வாய் எடுத்தேன். அதுக்குள்ள சார் திருட்டுத்தனம்னு சொல்லிட்டாரு. அவ அழுதா. அழுததுக்கப்பறம் சொன்னா, இவ்ளோ நேரம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. ஒரு நிமிஷம் போயிடுச்சு. அப்பறம் ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"நான் அழுதப்ப எனக்குத் தண்ணி எடுத்தாந்து குடுத்தியே இனியா" என்றாள் சிவசங்கரி. அதட்டிச் சொல்லவில்லை. நம்ப முடியாமல் கேட்ட மாதிரி இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

குருமூர்த்தி தட்டை மேஜையில் வைத்தார்.

"புள்ளியெல்லாம் சின்னதா இருக்குதுன்னு நானே சொன்னேன். சொல்லிட்டு மீடியா மேல பழியப் போட்டேன். செவப்பப் பாத்ததும் என் கண்ணுக்கு வேற எதுவும் தெரியல" என்றார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றார். "நேத்து உங்க எல்லார் முன்னாடியும் சிவசங்கரியத் தப்பாச் சொன்னேன். அது பொய்யி. அவ மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடும்மா."

வயதில் பாதிகூட இல்லாத பெண்ணிடம் ஒரு வாத்தியார் இப்படிப் பேசிப் பாவாடை பார்த்ததில்லை. பஸ்ஸில் அந்த மனிதரைக் குற்றவாளி ஆக்கியதற்காக உள்ளுக்குள் வெட்கப்பட்டார்.

"திங்கக்கிழமை எல்லாருக்கும் புது டியூப் தரேன். பரீட்சை மறுபடி மொதல்லேர்ந்து" என்றார் குருமூர்த்தி. "இனியவன் விஷயத்தப் பிரின்சிபால்கிட்ட சொல்லணும். என்ன சொல்றதுன்னு நீயே சொல்லும்மா. பாதிக்கப்பட்டது நீதான்."

சிவசங்கரி யோசித்தாள். "சுவிட்ச அணைச்சதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் சார். அது யாரு கையும் செய்யும். சும்மா இருந்ததுக்குச் சொல்லுங்க."

"அதுக்கு நம்ம ரூல்ல எடம் இல்லியேம்மா."

"அப்ப அவனே எங்கம்மாகிட்ட வந்து சொல்லட்டும்."

இனியவன் மறுப்பு சொல்லாமல் ஆட்டோவில் ஏறினான். அம்சவல்லியும் சிவசங்கரியும் பின்னால் இருக்க, அவன் பாவாடைக்குப் பக்கத்தில் சீட்டின் ஓரமாக ஒட்டிக்கொண்டான். அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் பாவாடை நினைத்திருந்தார். ஆனால் சுவிட்சை அணைத்த விஷயத்தில் இந்தப் பையன் செய்ததும், பூஜை போட்ட வண்டியைத் தான் தொடாமல் வைத்ததும் ஒன்றுதான் என்ற நினைப்பு தடுத்தது. அதற்கப்புறம் செய்ததைத் தான் செய்திருப்போமா என்று கேட்டுப் பார்த்தார். மாட்டேன் என்று அடித்துச் சொல்ல அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

பெரியநாயகி தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். யூனிட்டுக்குப் போகவில்லை. முடியைக்கூடச் சீவியிருக்கவில்லை. சந்து முனையில் ஆட்டோவைக் கண்டதும் நாலு எட்டு முன்னால் வந்தார்.

மகள் இறங்கி, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றாள். தாய் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்சவல்லியைப் பார்த்தார். அம்சவல்லி இனியவனைப் பார்த்தார்.

அவன் சொன்னான். லேபில் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் காது கொடுத்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்.

பெரியநாயகி கேட்டு முடித்துவிட்டு அவன் அருகில் வந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா உனக்கு என்னப்பா ஆயிருக்கும்?"

"சார் திட்டியிருப்பாருங்க. பரீட்சைய மறுபடி வெச்சிருப்பாங்க."

"இப்ப என்ன ஆச்சு?"

"அதேதாங்க. திங்கக்கிழமை மறுபடி பரீட்சை."

"அவ்ளோதானா?" என்றார் பெரியநாயகி. "அந்த அவ்ளோத்துக்கா எம் பொண்ண ஒரு ராத்திரி பூரா திருடின்னு படுக்க வெச்ச?"

இனியவன் அப்போதுதான் அழுதான்.